வடபுலத்து வெள்ளித்திரையில் தமிழர்

'மதராஸி' என்னும் சொல்லைக் கேளாமலே வடபுலத்தில் வாழ்நாளைக் கழித்த தமிழ்க் குடும்பம் அரிது. விந்தியத்திற்குத் தெற்கே பிறந்தார் அனைவரையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்ட சொல் அது. ஒரு காலத்தில் அதற்குச் சிறிது நியாயமும் இருந்தது. தமிழகம், ஆந்திரக் கடற்கரை, மலபார், தென் கன்னடம் யாவும் அன்று சென்னை மாகாணத்துள் அடங்கியிருந்தன. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956இல் மலபாரும் தென் கன்னடமும் பிரிந்தன. 1969இல் எஞ்சிய மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. சொல் மட்டும் மாயவில்லை. அச்சொல்லுக்கு முகமும் உடையும் குரலும் தந்து நாடெங்கும் உலவவிட்டதில் இந்தித் திரைப்படத்திற்குப் பெரும் பங்குண்டு.

இத்தனைக்கும் இந்தித் திரையுலகம் சென்னைக்குக் கடன்பட்டது. எஸ்.எஸ். வாசன் 1948இல் 'சந்திரலேகா'வைத் தமிழிலும் இந்தியிலும் எடுத்து, முரசுகளின்மேல் நிகழும் நடனத்தால் வடநாட்டாரை வியக்க வைத்தார். ஏவி.எம். நிறுவனத்தின் 'பஹார்' (1951) வாயிலாக வைஜயந்திமாலா வடக்கே அறிமுகமானார். பத்மினியும் சென்றார். 1968இல் ஹேமமாலினி ராஜ் கபூருடன் நாயகியாகத் தோன்றினார். தென்னாட்டு மகளிரை இந்தித் திரை இருகரம் நீட்டி வரவேற்றது. ஆயினும் பெரும்பாலும் வடநாட்டு நங்கையராகவே அவர்களை நடமாட விட்டது. தமிழ் ஆடவனோ தமிழனாகவே வந்தான், நகைப்பதற்காக.

ஹேமமாலினி நாயகியான அதே 1968இல்தான் 'படோசன்' வெளிவந்தது. அதில் மெஹ்மூத் ஏற்ற பாட்டு வாத்தியார் பிள்ளையின் வேடத்தை மூத்த தலைமுறையினர் மறந்திரார். குடுமி, நெற்றிக்குறி, வேட்டி, வாய்க்கு வாய் 'ஐயோ', உருண்டு புரளும் இந்தி! மெஹ்மூத் பெருநடிகர்; அவர் நடிப்பைக் கண்டு நம்மவரும் வயிறு குலுங்க நகைத்ததுண்டு. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இக்கதை வங்காளத்தில் பிறந்தது; தமிழிலும் 'அடுத்த வீட்டுப் பெண்' (1960) என வந்தது. தமிழ்ப் படத்தில் வாத்தியார் வெறும் வாத்தியார். இந்திக்குச் சென்றதும் மதராஸி ஆனார். மேலும், புகழ்பெற்ற அப்பாட்டுப் போட்டியில் நாயகனுக்குப் பாடவே வராது. மறைந்திருந்து நண்பன் பாட, அவன் வாயசைக்கிறான். தம் சொந்தக் குரலால் பாடுபவர் பிள்ளை ஒருவரே. தோற்று இழிவுறுபவரும் அவரே. (அவருக்குப் பின்னணி பாடியவர் மன்னா டே என்னும் வங்காளியார்.)

அன்றைய பம்பாயின் நிலையையும் இதனோடு சேர்த்துக் காண வேண்டும். 1960இல் தொடங்கிய 'மார்மிக்' என்னும் மராத்திக் கேலிச்சித்திர வார இதழ், பெரிய நிறுவனங்களில் பணிபுரிந்த வெளிமாநிலத்தார் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது; அவற்றுள் தென்னாட்டுப் பெயர்கள் மிகுதி. 1966இல் அவ்விதழின் ஆசிரியரே சிவசேனையைத் தொடங்கினார். 'லுங்கியை விரட்டு' என்பது அன்று வீதிகளில் எழுந்த முழக்கம். படம் பகையை விதைத்தது என்று நாம் கூறவில்லை. தட்டச்சுப் பொறியின் முன்னும் கணக்கேட்டின் முன்னும் அமர்ந்து பிழைத்த ஒரு கூட்டத்தை உடையாலும் உச்சரிப்பாலும் மட்டுமே அடையாளம் காணும் பழக்கம் வீதிக்கும் திரைக்கும் பொதுவாயிருந்தது என்கிறோம்.

நம் திரைப்படங்கள் மட்டும் தூயனவோ? 'நிம்பள், நம்பள்' என்று குழறும் வட்டிக்கடைச் சேட்டும் தேநீர்க்கடை நாயரும் நாம் படைத்தவரே.

இவ்வழக்கத்தை உடைத்த பெருமை கே. பாலசந்தரைச் சாரும். அவர் எழுதிய 'சர்வர் சுந்தரம்' (1964) இந்தியில் 'மைன் சுந்தர் ஹூன்' (1971) ஆனபோது, நாகேஷ் ஏற்ற வேடத்தை ஏற்றவர் அதே மெஹ்மூத்! பின்னர், தாம் தெலுங்கில் இயக்கிய 'மரோ சரித்ரா'வைப் (1978) பாலசந்தரே 1981இல் 'ஏக் தூஜே கே லியே' என இந்தியில் எடுத்தார். நாயகன் வாசு தமிழன், நாயகி சப்னா வடநாட்டுப் பெண், இடம் கோவா. கமல்ஹாசன் ஏற்ற வாசுவுக்கும் இந்தி வராது. ஆனால் அந்த அறியாமை நகைப்பிற்குரியதன்று. காதலுக்கு நேர்ந்த இடர் அது. மின்தூக்கியினுள் அவன் இந்திப் படங்களின் பெயர்களையே கோத்துப் பாடுகின்றான். வேறு இந்தி அவன் அறியான். ஓராண்டுப் பிரிவில் முயன்று மொழியைக் கற்கின்றான். அவன் வீட்டில் தமிழ் தமிழாகவே ஒலிக்கின்றது.

வாசுவின் குரலாக எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தை முன்மொழிந்தபோது, தென்னாட்டுக் குரல் இந்திக்குப் பொருந்துமா என்று இசையமைப்பாளர் தரப்பில் தயக்கம் எழுந்தது. பாத்திரமே செம்மையாக இந்தி பேசாத தமிழன், ஆதலின் சற்று வழுவினாலும் அதுவே பொருத்தம் என்று பாலசந்தர் உறுதியாக நின்றார். இதனைப் பாடகரே பின்னாளில் கூறியுள்ளார். அப்படத்தில் பாடியதற்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. படோசனில் நகைப்பூட்டிய அதே உச்சரிப்பு, பதின்மூன்று ஆண்டுகளில் கண்ணீர் வரவழைத்தது.

ஒரு படத்தால் வழக்கம் முற்றும் மாறிவிடவில்லை. 2013இல் வந்த 'சென்னை எக்ஸ்பிரஸ்' படத்தில் குடுமி போய் அரிவாள் வந்தது. இறுதியில் லுங்கிக்கென்றே ஒரு பாட்டும் வந்தது. எனினும் நாயகியின் தந்தையாகத் தமிழ்நாட்டுச் சத்யராஜே நடித்தார். அவரும் சுற்றத்தாரும் பேசிய தமிழிற் பெரும்பகுதி மொழிபெயர்க்கப்படாமலே ஒலித்தது. படத்தில் விழித்து நின்றவன், மும்பையிலிருந்து வந்த நாயகன்.