தாக்கிலே தீவினரும் அவர்தம் படகுகளும்

ஆற்றங்கரையில் வாழ்வோர்க்குப் படகு ஒரு துணைக்கருவி; அது இல்லையாயினும் சுற்றிப் போக வழி உண்டு. ஏரியின் நடுவே உள்ள தீவில் வீடும் நிலமும் உடையோர்க்கோ அதுவே தெரு. உப்பு வருவதும், உருளைக்கிழங்கு சந்தைக்குப் போவதும், நோயாளி மருத்துவரைக் காண்பதும் அதன் வழியேதான். ஆதலின், எத்தகைய படகை வைத்துக்கொள்வது என்பது அத்தகையோரிடத்தில் வெறும் விருப்பத்தைப் பொறுத்த செய்தியாக இருப்பதில்லை. தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் எல்லைக்குள் கிடக்கும் தாக்கிலே என்னும் சிறு தீவின் மக்கள், இருபதாம் நூற்றாண்டில் இருமுறை தம் படகை மாற்றினர். இருமுறையும் முடிவு அவர்களுடையது. மூன்றாம் மாற்றம் வந்தபோது அது அவர்களைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

தாக்கிலே கிடப்பது திதிகாக்கா ஏரியில். ஆண்டிஸ் மலைத்தொடரின் மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திற்கு 3,812 மீட்டர் உயரத்தில் இவ்வேரி விரிந்துள்ளது. பெருவும் பொலிவியாவும் இதனைப் பங்கிட்டுக் கொண்டுள்ளன. மலேசிய மாணவர்க்கு இவ்வுயரத்தை விளக்கக் கினபாலு மலையைச் சுட்டினால் போதும். கினபாலுவின் உச்சி 4,095 மீட்டர். தாக்கிலே தீவின் மேட்டில் நிற்பவன் ஏறத்தாழ அவ்வுச்சியின் உயரத்தில்தான் நிற்கிறான். ஏரியின் பரப்பு சுமார் 8,300 சதுரக் கிலோமீட்டர். சிங்கப்பூர்த் தீவைப் போல் பதினொரு மடங்கினும் மிகுதி. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாத இடங்கள் பல. நீரோ ஆண்டு முழுதும் குளிர்ந்தே இருக்கும். கவிழ்ந்த படகிலிருந்து நீந்திக் கரையேறலாம் என்னும் நம்பிக்கை அங்கு எவர்க்கும் கிடையாது. நண்பகலுக்குப் பின் எழும் காற்று கடலலை போன்ற அலைகளை எழுப்பும். இத்தகைய நீரில், பூனோ நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ஐந்தரைச் சதுரக் கிலோமீட்டர் அளவே உள்ள ஒரு கற்குன்றாக நிற்கிறது தாக்கிலே. அங்கு வாழ்வோர் ஈராயிரவரை ஒட்டி வருவர்; பேசுவது கெச்சுவா மொழி.

அம்மேட்டுநிலத்தில் பெருமரங்கள் இல்லை. குளிரைத் தாங்கிக் குட்டையாக வளரும் சிலவகை மரங்கள் மட்டுமே உண்டு. அவற்றிலிருந்து ஒரு நல்ல பலகையை அறுத்தெடுப்பது அரிது. மரமில்லாத நாட்டில் படகு எங்ஙனம் தோன்றிற்று? ஏரியின் ஆழமற்ற ஓரங்களில் ஆளுயரத்தினும் ஓங்கி வளரும் தோத்தோரா என்னும் கோரைதான் அதற்கு விடை. இக்கோரையின் அடித்தண்டு உணவாகும். தாள் மாட்டுக்குத் தீனியாகும். உலர்ந்தால் கூரையாகும், பாயாகும். அறுத்து வெயிலில் காயவைத்தால் அதன் தண்டினுள் உள்ள எண்ணற்ற சிறு அறைகளில் காற்று நிறைந்து நிற்கும். அத்தண்டுகளைப் பெருங்கட்டுகளாக்கி, இரண்டு கட்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து, மலைப்புல்லில் திரித்த கயிற்றால் இறுகப் பிணைத்து, இருமுனைகளையும் மேல்நோக்கி வளைத்துவிட்டால் படகு ஆயிற்று. பக்கங்களில் விளிம்பாக மேலும் இரு சிறு கட்டுகள் வரும். நீர் ஆழமற்ற இடத்தில் கோல் ஊன்றித் தள்ளுவர். ஆழமான இடத்தில் கவைபோல் நிறுத்திய இரட்டைக் கால் பாய்மரத்தில் கோரைப் பாயையே விரித்துக் காற்றைப் பிடிப்பர். படகும் கோரை, பாயும் கோரை!

தமிழாசிரியர்கள் இங்கே ஒன்றை நினைவுகொள்ளலாம். நம் மொழியில் புணை, தெப்பம், கட்டுமரம் என்பன ஒரு வகை. தோணி, ஓடம், வள்ளம் என்பன வேறொரு வகை. முன்னவை கட்டப்படுவன; தாம் ஆன பொருளின் மிதப்பாற்றலால் நிற்பன. பின்னவை குடையப்படுவன அல்லது பலகையால் இணைக்கப்படுவன. தம்முள் நீர் புகாமையால் நிற்பன. திதிகாக்காவின் கோரைப் படகைப் ‘படகு’ என்பதினும் ‘புணை’ என்பதே பொருந்தும். அதனுள் அலைநீர் புகுந்தாலும் அது மூழ்காது. புகுந்த நீர் கட்டுகளின் இடையே வடிந்துவிடும். குளிர்ந்த ஏரியில் இது சிறிய நன்மையன்று.

இப்புணையின் தரத்தை உலகம் 1970இல் கண்டது. நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் தோர் ஹெயர்டால், பண்டை மக்கள் கோரைக் கலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்திருக்கக்கூடும் என்று காட்ட விரும்பினார். 1969இல், ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பகுதியினரைக் கொண்டு கட்டிய முதற்கலம் வழியிலேயே சிதைந்தது. மறு ஆண்டு, திதிகாக்கா ஏரியின் பொலிவியப் பகுதியில் உள்ள சூரிக்கித் தீவிலிருந்து ஐமாரா இனக் கைவினைஞரை மொராக்கோவுக்கு அழைத்துச் சென்று இரண்டாம் கலத்தைக் கட்டுவித்தார். அது 57 நாள்களில் பெருங்கடலைக் கடந்து பார்படாஸ் தீவை அடைந்தது. ஹெயர்டாலின் வரலாற்றுக் கருத்தை அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஆனால் கட்டியவர்களின் கைத்திறத்தைப் பற்றி எவரும் ஐயுறவில்லை.

இவ்வளவு சிறப்பிருந்தும் கோரைப் புணைக்கு ஒரு பெருங்குறை உண்டு. நீரில் ஊறிக்கொண்டே இருப்பதால் அது ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் கனத்து, அழுகிப் பயனற்றதாகிவிடும். மீண்டும் அறுக்கவேண்டும், காயவைக்கவேண்டும், கட்டவேண்டும். கோரை தன் வாசலிலேயே விளையும் ஊரோஸ் மக்களுக்கு அது சுமையன்று. அவர்கள் வாழும் தீவே கோரையை அடுக்கி மிதக்கவிட்டதுதான். பாறைக்கரையோடு ஆழநீரில் நிற்கும் தாக்கிலே போன்ற தீவினர்க்கு அது ஓயாத வேலை. மேலும், நாற்பது கிலோமீட்டர் திறந்த நீரைக் கடக்கும் பயணத்தில், நனைந்த புணையின்மேல் தானிய மூட்டையை உலர்வாகக் கொண்டு சேர்ப்பதும் எளிதன்று.

இதற்கிடையே ஏரியில் இரும்பும் வந்து சேர்ந்திருந்தது. பெரு அரசு 1860களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இரு நீராவிக் கப்பல்களைச் செய்வித்து, அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கடல்வழியே கொணர்ந்து, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி ஆண்டிஸ் மலைமேல் அனுப்பியது. ஒரு கழுதை சுமக்கத்தக்க அளவுக்கு ஒவ்வொரு துண்டும் அமைக்கப்பட்டிருந்தது. எல்லாம் வந்து சேர்ந்து, பொருத்தி முடித்து, முதற்கப்பல் நீரில் இறங்கியபோது 1870ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள் ஆகிவிட்டது. அதன் பெயர் யாவாரி. அமேசான் பகுதியில் உள்ள ஓர் ஆற்றின் பெயர் அது. எனினும் படைக்கலமாகத் திட்டமிடப்பட்டுப் பின்னர் சரக்குத் தொழிலிலேயே காலம் கழித்த அக்கப்பலின் பெயர், நம்மூர்ப் பேச்சுவழக்குச் சொல்லோடு ஒத்துப்போனது வேடிக்கையே. மரமும் நிலக்கரியும் இல்லாத அந்நாட்டில் அதன் கொதிகலனுக்கு உலர்ந்த லாமாச் சாணத்தை எரித்தனர். 1914இல் அதற்கு எண்ணெய் இயந்திரம் பொருத்தப்பட்டது. 1874இல் பூனோவுக்கு இரயில்பாதை வந்தபின், யாவாரியும் அடுத்து வந்த பெருங்கப்பல்களும் ஏரியின் பெருந்துறைகளை இணைத்துக் கம்பளியும் கனிமமும் ஏற்றின. தீவுக் குடியானவன் வீடு போய்ச் சேர்வதற்காக அவை ஏற்பட்டவையல்ல. அவன் அவற்றைத் தூரத்தே கண்டிருப்பான், அவ்வளவே.

தாக்கிலே மக்களின் முதல் மாற்றத்தை அவர்தம் நிலவரலாற்றோடு சேர்த்தே நோக்கவேண்டும். தீவு நெடுங்காலம் பண்ணை முதலாளிகளின் உடைமையாக இருந்தது. அரசியல் கைதிகளை ஒதுக்கி வைக்கும் இடமாகவும் அது பயன்பட்டது. 1930இல் ஆட்சியைக் கைப்பற்றிப் பின்னர் பெருவின் அதிபரான சாஞ்செஸ் செர்ரோ அங்கு வைக்கப்பட்டிருந்தவர்களுள் ஒருவர். 1930களிலிருந்து தீவினர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தம் முன்னோர் உழுத நிலத்தையே விலைகொடுத்து வாங்கினர். தம் நிலம் தமக்கு என்றானபின், தம் விளைச்சலைத் தாமே சந்தைக்குக் கொண்டுபோக ஏற்ற கலம் வேண்டும் அல்லவா? நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோரைப் புணை பின்வாங்கியது. பலகையால் ஆன பாய்ப்படகு அதன் இடத்தைப் பிடித்தது.

மரப்படகு பல ஆண்டுகள் உழைக்கும். சரக்கை உலர்வாக வைக்கும். ஆனால் மரத்தைப் பணம் கொடுத்து வாங்கவேண்டும். இலவசமாக விளைந்த கோரையை விட்டு விலைக்கு வாங்கும் மரத்துக்கு மாறுவது, ஏழை ஊருக்குத் துணிவான செயல். அத்துணிவைத் தாங்கிக்கொள்ள அவர்கள் ஒன்று செய்தனர்: தச்சுத்தொழிலைத் தாமே கற்றனர். படகைக் கட்டவும் பழுது பார்க்கவும் தீவிலேயே கைகள் இருந்தன. ஆயினும் காற்று எவர் சொல்லும் கேட்பதில்லை. பூனோ போக எட்டு மணிநேரமும் ஆகும், பன்னிரண்டும் ஆகும். காற்று அறவே ஓய்ந்தால் துடுப்புதான். இரவை ஏரியிலேயே கழித்தோர் பலர்.

இரண்டாம் மாற்றத்திற்குத் தூண்டுகோலாக அமைந்தது நெசவு. தாக்கிலேயில் பெண்கள் நெய்வர். ஆண்கள் பின்னல் தொப்பி பின்னுவர். 1968 முதல் இத்துணிகளை வெளியூரில் கூட்டாக விற்கத் தொடங்கினர். 1976இல் தென்னமெரிக்கப் பயணிகள் பலர் கையில் வைத்திருந்த ஒரு வழிகாட்டி நூல் இத்தீவைப் புகழ்ந்தெழுதியது. வெளிநாட்டார் வரத்தொடங்கினர். அவர்களை ஏற்றி வந்தவை பூனோ நகர முதலாளிகளின் விசைப்படகுகள். வருவோர் தீவினரின் வீட்டில் உண்பர், துணி வாங்குவர். ஆனால் பயணக் கட்டணம் முழுதும் நகரத்துக்கே போயிற்று. எவர் எப்போது வருவார், எத்தனை பேர் வருவார் என்பதையும் படகுக்காரரே முடிவு செய்தனர்.

தீவினர் இதனைக் கண்டு மனம் குமைந்து இருந்துவிடவில்லை. 1978 அளவில், முப்பது நாற்பது குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு படகு என்ற முறையில் குழுக்கள் அமைத்தனர். அவர்கள் தேர்ந்த இயந்திரம் கருதத்தக்கது. கப்பலுக்கென்றே செய்த புதிய இயந்திரத்தை அவர்கள் நாடவில்லை. பழைய லோரிகளிலிருந்து கழற்றிய இயந்திரங்களை வாங்கித் தாம் கட்டிய மரப்படகுகளில் பொருத்தினர். பொறியியல் கற்றவர் இதைக் கண்டு முகம் சுளிக்கலாம். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இருபங்கும் இல்லை; இயந்திரம் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்தே ஓடும். பழைய இயந்திரமோ மேலும் தளரும். ஆனால் லோரி இயந்திரம் பூனோவில் பலரும் அறிந்த பொருள். அதன் உதிரிப்பாகம் தேடிச் சீமைக்கு எழுதவேண்டியதில்லை. வாங்க ஒரு குழுவின் சேமிப்பே போதுமானது. விரைவில் அது எந்தப் போட்டியிலும் வெல்லாது. ஆயினும் பன்னிரண்டு மணிப் பயணத்தை மூன்றரை மணியாக்கிற்று. காற்றுக்காகக் காத்திருப்பதும் ஒழிந்தது.

1982க்குள் இத்தகைய படகுக் குழுக்கள் பதின்மூன்று ஆயின. படகுகள் முறைவைத்து ஓடின. துறைமுக அதிகாரிகளிடம் முறையிட்டுக் கட்டண விகிதமும், பயணிகளை ஏற்றும் உரிமையும் பெற்றனர். நகர முதலாளிகள் அவ்வழியை விட்டு விலகவேண்டியதாயிற்று. துறையில் இறங்குவோரை வரவேற்றுக் குடும்பம் குடும்பமாக முறைவைத்துத் தங்கச்செய்தனர். படகு ஊராருடையதாக இருந்ததனால், வருவோரின் எண்ணிக்கையும் ஊர் தாங்கும் அளவில் நின்றது. படகுப் பங்கு இல்லாத வீடு அரிதாயிற்று. ஏழை மக்களின் கூட்டுமுயற்சிக்கு இதனினும் நல்ல சான்று அக்காலத்துப் பெருவில் எளிதில் கிடைக்காது எனலாம்.

அவ்வெற்றி நிலைக்கவில்லை. 1990களில் பெரு அரசு தனியுரிமைகளை நீக்கிப் போட்டியைத் திறந்துவிட்டது. பெருநிறுவனங்களின் கொட்டத்தை அடக்க எழுந்த சட்டம் எனப் பேசப்பட்டதாயினும், அது குடியானவரின் படகுக்குழுவையும் அதே தராசில் நிறுத்தியது. தீவினர் பெற்றிருந்த உரிமை போயிற்று. பூனோவின் பயண நிறுவனங்கள் விரைவுப் படகுகளோடு மீண்டும் வந்தன. அவை மெத்தை இருக்கை உடையவை. காலையில் புறப்பட்டு, வழியில் ஊரோஸ் தீவுகளைக் காட்டி, தாக்கிலேயில் நண்பகல் உணவுக்கு நிறுத்தி, மாலையில் நகரம் திரும்புவன. இரவு தங்குவோர் குறைந்தனர். கூட்டம் பெருகியது, வருவாயின் பெரும்பகுதி மீண்டும் கரைக்குச் சென்றது. தாக்கிலேயின் மரப்படகுகள் பழுதானவையல்ல, பயனற்றவையுமல்ல; தீவினரையும் அவர்தம் மூட்டைகளையும் அவை தொடர்ந்து சுமந்தன. ஆனால் நகரத்தில் பயணச்சீட்டு விற்கும் மேசை அவர்களிடம் இல்லை. இதனை உணர்ந்த தீவினர் பின்னர்த் தாமே ஒரு பயண நிறுவனத்தைத் தொடங்கினர். தாக்கிலேயின் நெசவுக்கலையை 2005இல் யுனெஸ்கோ மானிடரின் வாய்மொழி மற்றும் புலப்படா மரபின் தலைசிறந்த செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. படகுக் குழுக்களுக்கு அத்தகைய பட்டம் எதுவும் இல்லை.

கோரைப் புணையும் ஏரியை விட்டு மறைந்துவிடவில்லை. ஊரோஸ் மக்கள் பயணிகளை ஏற்றுவதற்காக அதனைப் பெரிதாகவும், முகப்பில் விலங்குத்தலை வைத்து அழகாகவும் கட்டுகின்றனர். விரைவில் அழுகாதிருக்க, கட்டுகளின் உள்ளே வெற்று நெகிழிப் புட்டிகளை நிரப்பி, வெளியே கோரையைப் போர்த்துகின்றனர். பழைமையைப் படம்பிடிக்க வருவோர்க்கு உள்ளிருப்பது தெரிவதில்லை. அதற்காக அவர்களைக் குறைகூறுவதும் முறையாகாது. ஆண்டுதோறும் அறுத்துக் கட்டும் உழைப்பைப் புட்டிகள் குறைக்கின்றன.

தாக்கிலேயில் படகுத்துறையிலிருந்து ஊர் நடுவிடம் ஏறக் கற்படிகள் ஐந்நூறுக்கு மேல் உள்ளன. தீவில் மோட்டார் வண்டி கிடையாது. விரைவுப் படகில் வந்திறங்கிய பயணிகள் மூச்சுவாங்கி நிற்கும் அதே படிகளில், ஊர்ப்படகில் வந்த மாவு மூட்டையை முதுகோடு சேர்த்துத் துணியில் கட்டிக்கொண்டு தீவினர் ஏறிச் செல்கின்றனர்.