மலபார்

மலபார்: 16ஆம் நூற்றாண்டு தொடக்கம் ஏறக்குறைய 300 ஆண்டுகளாக ஐரோப்பியர் தமிழருக்கும் தமிழ்மொழிக்கும் இட்டு வழங்கிய பெயர்.

‘மலை’யோடு, கரை எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லான ‘பார்’ சேர்ந்து பிறந்தது இது. அரபு வணிகர் இன்றைய கேரளக் கரையை இப்பெயரால் அழைத்தனர். 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த போர்த்துக்கேயர் அதைக் கேட்டுப் பழகி, சோழமண்டலக் கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போனபோது அங்கிருந்தவர்களுக்கும் அதையே சூட்டினர். ‘தமிழ்’ என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாமலில்லை. 1578இல் கொல்லத்தில் அன்றீக்கு அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் முகப்பிலேயே ‘மலவார் தமுல்’ என இரு பெயரும் சேர்ந்து நிற்கின்றன. ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தம் இலக்கண நூலுக்குத் (1716) தமிழின் பெயரையே இட்டார். தெய்வங்களைப் பற்றி எழுதியதற்கோ மலபார்த் தெய்வங்கள் என்றே தலைப்பு. 1779இல் சென்னை வேப்பேரியில் வெளிவந்த, மற்றொரு ஜெர்மானிய மதபோதகரான பப்ரிசியசின் அகராதி, ஐரோப்பியர் மலபார் என்பது தமிழைத்தான் என்று முகப்பிலேயே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தெரிந்தும் விடாத சோம்பல் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

இலங்கையில் இச்சொல் இன்னும் அகன்றது. கண்டியை ஆண்ட நாயக்கர், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த தெலுங்கு வழியினர். அவர்களும் மலபாரே. 1815 கண்டி உடன்படிக்கை, வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் அனுமதியின்றித் திரும்பலாகாது என்றது. கண்டியில் அரச உறவினர் குடியிருந்த தெருவுக்கும் மலபார் வீதி என்றே பெயர் வழங்கியது.

சொல் ஆழ வேரூன்றியது சட்டத்தில். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத்தின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை, பிரித்தானியர் 1806இன் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ‘யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகளுக்கு’ உரியதாக்கினர். 1871 குடிசன மதிப்பு ‘தமிழர்’ என்று பதிந்த பின்னரும் சட்டத்தின் சொல் மாறவில்லை. ஒருவர் அந்த ‘மலபார் குடி’யா என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஆராய வேண்டியதாயிற்று. கேள்வி ஏட்டோடு நிற்பதன்று. யாழ்ப்பாணத்துக் குடும்பத்து மனைவி கொழும்புக் கிருலப்பனையிலுள்ள தன் தொடர்மாடி வீட்டை விற்க உறுதி முடிக்கும்போது, கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தை நொத்தாரிசு கேட்பது இவ்வழியில் வந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால்தான்.

தமிழரைக் குறிக்கும் பெயராக இச்சொல் இன்று பேச்சில் இல்லை. ரீயூனியன் தீவில் மட்டும், கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழரின் வழித்தோன்றல்கள் தங்களை ‘மல்பார்’ என்கின்றனர்.