அழுக்கோடு ஒரு நூற்றாண்டு

ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ஓட்டுபவர் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். இன்று பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் உள்ள அளவுக்கம்பி அதில் கிடையாது. ஃப்ளைவீலை மூடிய கூட்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சிறு குழாய்த் திருகுகள் இருக்கும். மேல் திருகைத் திறந்தால் ஆயில் வரக்கூடாது, கீழ்த் திருகைத் திறந்தால் வர வேண்டும். அப்படியானால் அளவு சரி. கீழேயும் வரவில்லையென்றால் வண்டியைக் கிளப்பவே கூடாது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் விற்றன. வாங்கியவர்கள் பெரும்பாலும் அதற்கு முன் கார் வைத்திருக்காதவர்கள். பராமரிப்பை அவர்கள் கற்றுக்கொண்டது இப்படித்தான், மண்ணில் முதுகு பட.

அந்தக் காருக்கு ஆயில் பம்பும் இல்லை. சுழலும் ஃப்ளைவீல் ஆயிலை வாரி இறைக்கும்; இறைத்ததில் ஒரு பங்கு குழாய் வழியாக முன்பக்கம் போய்ச் சேரும். வடிகட்டி என்ற பொருளே கிடையாது, காற்றுக்கும் இல்லை, ஆயிலுக்கும் இல்லை. அமெரிக்கக் கிராமப்புறச் சாலைகள் அப்போது வெறும் புழுதி. அந்தப் புழுதி கார்புரேட்டர் வழியாக நேரே சிலிண்டருக்குள் போனது. குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்துப் பிடித்து ஸ்டார்ட் செய்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்தது. மணலும் பெட்ரோலும் கலந்த ஆயில் உலோகத்தை அரைக்கத்தான் செய்யும். சில நூறு மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

கீழ்ப்பாகங்களின் கதை வேறு. ஸ்பிரிங் முனை, ஸ்டீயரிங் மூட்டு என்று ஒவ்வோர் இடத்திலும் சிறு கிரீஸ் கிண்ணம் இருக்கும். அதன் மூடியை அவ்வப்போது ஒரு சுற்றுத் திருகினால் கொஞ்சம் கிரீஸ் உள்ளே இறங்கும். பழைய கிரீஸையும் அதில் ஒட்டிய மண்ணையும் வெளியே தள்ள அந்த அழுத்தம் போதாது. சிகாகோவைச் சேர்ந்த ஆர்தர் குல்போர்க் உருவாக்கிய உயர் அழுத்த கிரீஸ் கன்னும், ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கர் செர்க் 1929இல் காப்புரிமை பெற்ற சிறு நிப்பிளும் அந்தக் குறையைத் தீர்த்தன. 1957 முதல் 2014 வரை இந்தியாவின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர் காரின் முன்பக்கம் இந்த நிப்பிள்களை நம்பியே ஓடியது. சர்வீஸ் ஸ்டேஷனில் வண்டியை உயரத் தூக்கி, அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நிப்பிள் நிப்பிளாக கிரீஸ் ஏற்றுவது அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கு மாதாந்தரக் கடமைபோல இருந்தது. அதைத் தவறவிட்ட வண்டியின் ஸ்டீயரிங் கனத்துப்போகும்.

ஆயில் வடிகட்டி வந்தது 1923இல். எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் அதை வடிவமைத்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த முதல் கிரைஸ்லர் கார் அதைக் காற்று வடிகட்டியோடு சேர்த்துப் பொருத்திக்கொண்டது. ஆனால் ஓடும் ஆயிலில் ஒரு பகுதிதான் அதன் வழியே போகும். ஆயில் முழுவதையும் வடிகட்டும் முறை பரவ மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இந்த வரலாற்றிலேயே பெரிய திருப்பத்தைக் கொண்டுவந்தது கார் அல்ல, டிராக்டர். 1930களின் தொடக்கத்தில் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் டீசல் என்ஜின்களில் பிஸ்டன் ரிங்குகள் கரியும் பிசினும் ஏறிப் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டன. வெறும் கனிம எண்ணெய் அந்த வெப்பத்தைத் தாங்கவில்லை. கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் சோப்பு போன்ற உலோகச் சேர்மங்களை ஆயிலில் கலந்து பார்த்தது. ரிங்குகள் விடுபட்டன. சலவை செய்யும் ஆயில் அங்கிருந்துதான் லாரிக்கும் காருக்கும் வந்தது. அது கரியை உலோகத்தில் படியவிடாமல் நுண்ணிய துகள்களாகத் தன்னிடமே ஏந்திக்கொள்கிறது. ஆகவே சீக்கிரம் கறுத்துவிடும். கறுத்த ஆயிலைக் கண்டதும் கெட்டுவிட்டது என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. அது கறுத்திருப்பது தன் வேலையைச் செய்ததால்தான். மாற்ற வேண்டிய காரணம் நிறத்தில் இல்லை. கலந்த சேர்மங்கள் மெல்ல மெல்லச் செலவாகித் தீர்ந்துவிடுகின்றன, அதுதான் காரணம்.

எதிர்பாராத உதவி ஒன்று புகைப் பிரச்சினையிலிருந்து வந்தது. ரிங்குகளைத் தாண்டிக் கசியும் வாயுவும் நீராவியும் அதுவரை ஒரு திறந்த குழாய் வழியாகச் சாலையில்தான் விடப்பட்டன. வண்டி வேகமாகப் போனால்தான் அந்தக் குழாய் இழுக்கும். நின்று நின்று போகும் வண்டியில் ஈரம் உள்ளேயே தங்கிச் சேறாகும். லாஸ் ஏஞ்சலிஸின் புகைமூட்டத்தைக் குறைக்க, 1961 முதல் கலிஃபோர்னியாவின் புதிய கார்களில் ஒரு சிறு வால்வு வந்தது. கசிந்த வாயுவை அது மீண்டும் என்ஜினுக்கே எரிக்கக் கொடுத்தது. ஊரின் காற்றுக்காகச் செய்த ஏற்பாடு ஆயிலின் ஆயுளையும் காத்தது. ஈயம் கலந்த பெட்ரோல் போனதும் இதே வகைதான்: மக்களின் உடல்நலத்துக்காக விலக்கிய ஈயம், ஸ்பார்க் பிளக்கில் படிவதும் நின்றது. இந்தியாவில் அது 2000இல் நடந்தது.

இத்தனைக்கும் பிறகு மனிதரின் பங்கு என்ன மிஞ்சியது என்பதற்கு அமெரிக்காவின் அறிவியல் ஆசிரியர் இர்வ் கார்டன் சான்று. 1966இல் வாங்கிய வோல்வோ 1800எஸ் காரில் 2013இல் அவர் 30 லட்சம் மைலைத் தொட்டார், ஏறத்தாழ 48 லட்சம் கிலோமீட்டர். ஆறு லட்சம் மைலுக்கு மேல் ஓடிய பிறகுதான் என்ஜினைப் பிரித்துக் கட்டினார்கள். அவர் ரகசியம் எதுவும் வைத்திருக்கவில்லை. கையேடு சொன்ன கெடுவில் ஆயிலும் வடிகட்டியும் மாற்றினார், வண்டியில் புதிய சத்தம் கேட்டால் உடனே பார்த்தார். பெரும்பாலும் நீண்ட நெடுஞ்சாலைப் பயணங்கள் என்பதும் அவருக்கு உதவியது. சூடேறிய என்ஜின் ஈரத்தையும் பெட்ரோலையும் ஆவியாக்கிவிடும்.

இந்திய நகரத்துக் கார் அப்படி ஓடுவதில்லை. இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூடம், மூன்று கிலோமீட்டர் காய்கறிச் சந்தை, சிக்னலில் ஏசி போட்டபடி காத்திருப்பு, மெட்ரோ வேலை நடக்கும் சாலையின் புழுதி. இன்றைய கையேடுகள் பொதுவாக 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று எழுதினாலும், பல கையேடுகளின் பின்பக்கத்தில் கடுமையான பயன்பாட்டுக்கென்று இன்னொரு அட்டவணை உண்டு. குறைந்த தூரம், அடிக்கடி நின்று ஓடுதல், தூசு ஆகிய மூன்றையும் அது பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அந்தக் கெடுவைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது.