குறிஞ்சி நிலத்துக் குமரன் கோயில்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கு நோக்கிக் கிளைத்துச் செல்லும் மலைத்தொகுதி ஒன்று வடமொழியாளரால் வராககிரி என்றும், தமிழ் வழக்கிற் பழனிமலை என்றும் பெயர் பெறும். அதன் வடபால் அடியில் திருவாவினன்குடி என்னும் முருகன் படைவீடு உள்ளது. மேலே குளிர்தங்கும் கோடைக்கானல் நகர் உள்ளது. பழனிக்கு யாத்திரை வருவார் பெரும்பாலும் தண்டாயுதபாணிக் கடவுளை வணங்கிய அளவிலே ஊர் திரும்புவர். கோடைக்கானலுக்கு ஏறுவார் ஏரியையும் சோலையையும் கண்டு இறங்குவர். அடிவாரத்தையும் சிகரத்தையும் இணைத்து ஒரே வழிபாடு ஈராயிரம் ஆண்டாக அம்மலையில் நிலவி வருதலை மூன்று நாள் வழிநடையில் கண்ணாரக் காணலாம். தொல்காப்பியனார் குறிஞ்சி நிலத்திற்குச் சேயோனைத் தெய்வமாக வகுத்தது ஏட்டளவில் நின்ற இலக்கணம் அன்று என்பது ஆங்கே விளங்கும்.

முதல்நாள் வழிபாடு திருவாவினன்குடியிலே தொடங்குதல் முறை. மலைமேற் கோயிலின் பெருமையால் அடிவாரத்துள்ள இத்தலத்தை மறந்து படியேறுவார் பலர். ஆயினும் நக்கீரனார் அருளிய திருமுருகாற்றுப்படையில் மூன்றாம் படைவீடாகப் போற்றப்பெற்றது ஆவினன்குடியே. அந்நூல் பத்துப்பாட்டின் முதற்கண் நிற்பதோடு, பதினோராந் திருமுறையிலும் இடம்பெற்றுச் சைவர்க்குப் பாராயண நூலாயிற்று. அருணகிரிநாதர் திருப்புகழும் இத்தலத்திற்கு உண்டு.

திரு, ஆ, இனன், கு, டி எனப் பெயரைப் பிரித்து, திருமகளும் காமதேனுவும் சூரியனும் நிலமகளும் அக்கினியும் வழிபட்டமையால் இப்பெயர் வந்தது என்று புராணிகர் உரைப்பர். அன்பின்பாற்பட்ட விளக்கமாக அதனைக் கொள்ளலாம். வரலாற்றுக்கு அது போதாது. வேளாவி என்னும் குறுநில மன்னர் குடி இந்நாட்டை ஆண்டது. ஆவியர்க்கு உரிய நல்ல குடியிருப்பு ஆவிநன்குடி ஆயிற்று என்றல் பொருந்தும். அகநானூற்றின் முதற்பாட்டில் மாமூலனார் குறிக்கும் ஆவியின் பொதினி என்னும் ஊரும் இதுவே என்பது அறிஞர் துணிபு. பொதினி பழனி எனத் திரிந்தது என்பாரும், பழனம் ஆகிய வயல்வளத்தாற் பழனி ஆயிற்று என்பாரும் உளர். மாங்கனி பொருட்டு முனிந்து வந்த பிள்ளையைப் 'பழம் நீ' என்று அம்மையப்பர் தேற்றிய கதை சிறுவர் முதல் முதியோர் வரை யாவரும் அறிந்தது. ஞானப்பழமாக இறைவனைக் காட்டும் அக்கதையின் உட்பொருள் சிறந்ததே. எனினும் சங்கச் செய்யுட்கள் அக்கதையை அறியா. ஊர்ப்பெயர்க்கு அதனைக் காரணமாக்குதல் பிற்கால வழக்கு.

அவ்வாவியர் குடியிற் பிறந்தவனே மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்திபால் வாழ்ந்த காலத்துக் கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் சென்று, பொருட்பரிசில் வேண்டாது, அவளுக்கு அருளுதலையே பரிசிலாக இரந்து நின்றனர். மயிலின் குளிருக்கு இரங்கினான் மனைவியின் கண்ணீருக்கு இரங்காதது என்னையோ என்ற வினா அப்புறப்பாட்டுக்களைக் கற்பார் உள்ளத்தில் இன்றும் எழாமற் போகாது. சேரமன்னர் இவ்வேளாவிக் குடியில் மகட்கொண்டதைப் பதிற்றுப்பத்தின் பதிகங்கள் குறிக்கின்றன. களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரலின் தாய் வேளாவிக்கோமான் மகளே. மலைமேல் எழுந்தருளிய பழனியாண்டவர் மேற்குமுகமாகச் சேரநாட்டை நோக்கி நிற்றலையும், மலையாள நாட்டினின்று அடியார் திரளாக வந்து வணங்குதலையும், சேரமான் ஒருவன் கோயில் எடுத்தான் என்ற தலவழக்கையும் இக்கொள்வினை கொடுப்பினையோடு சேர்த்து எண்ணுதல் தகும்.

எழுநூற்றுக்குச் சற்றுக் குறைந்த படிகளை ஏறினால் மலைக்கோயிலை அடையலாம். 1966-இல் இழுவை இரயிலும் 2004-இல் கம்பிவட ஊர்தியும் அமைந்தபின் நடக்கவியலாத முதியோர்க்கும் தரிசனம் எளிதாயிற்று. போகர் என்னுஞ் சித்தர் ஒன்பது பாடாணங்களைக் கூட்டி ஆண்டவன் திருமேனியை அமைத்தார் என்பதும், அவர் மாணாக்கர் புலிப்பாணியின் வழியினரே முன்னர்ப் பூசை புரிந்தனர் என்பதும், திருமலை நாயக்கர் காலத்துத் தளவாய் இராமப்பய்யன் அவ்வுரிமையைக் குருக்கள் மரபினர்க்கு மாற்றினான் என்பதும் வழிவழியாக வரும் செய்திகள். போகர் சமாதி மலைக்கோயிலினுள்ளே வணங்கப்பெறுகின்றது. நெடுங்காலம் அபிடேகங் கொண்ட திருமேனி தேய்வுற்றது கண்டு, 2004-இல் மூலவர்க்கு முன்னே ஐம்பொன்னாலான புதிய திருமேனி ஒன்று வைக்கப்பெற்றது. அடியார் அதனை ஏற்றிலர். எதிர்ப்பு மிகவே அஃது அகற்றப்பட்டது. தேய்ந்த திருமேனியே தங்களுக்குப் போதும் என்று அவர்கள் நின்றது கருதத்தக்கது. இதனை மூன்றாம் நாட் செய்தியோடு ஒப்பிட வேண்டியிருத்தலின் ஈண்டுக் குறிக்கப்பட்டது.

பழனிக்கு வரும் காவடிகளைப்பற்றிக் கூறப்புகின் ஏடு கொள்ளாது. இடும்பன் இரு குன்றுகளைத் தோளிற் சுமந்த கதை காவடிக்கு மூலமாகச் சொல்லப்படும். நகரத்தார் செட்டிநாட்டினின்று தைப்பூசத்திற்கு நடந்து வருவர். எடப்பாடி அடியார் பூசத்தின் பின்னர் வந்து மலைமேல் ஓரிரவு தங்கும் உரிமையுடையர். கொங்குநாட்டார் பங்குனியுத்திரத்திற்குக் கொடுமுடிக் காவிரிநீரைத் தீர்த்தக் காவடியாகக் கொணர்வர். தேவாரம் பெற்ற பாண்டிக்கொடுமுடியின் தீர்த்தம் குமரன் திருமுடியில் வந்து சேர்தல் தந்தைக்கும் மைந்தனுக்கும் வேறுபாடு இல்லை என்னும் சைவத் துணிபை ஆரவாரமின்றிக் காட்டுவதாம். மலையும் தன் பங்கைத் தருகின்றது. பஞ்சாமிர்தத்திற்கு உரிய விருப்பாட்சி மலைவாழை இம்மலைச் சரிவுகளிலே விளைவது. அப்பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

இரண்டாம் நாள் பழனியினின்று மலைச்சாலையில் ஏறினாற் பெருமாள்மலை என்னுமிடத்தில் வத்தலக்குண்டுச் சாலை வந்து கூடும். அவ்வழியே சிறிது இறங்கிப் பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடிக்குச் செல்லலாம். முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குச் சென்றான் என்பது ஊரார் கூற்று. பாலமுருகன் கோயில் ஒன்று குன்றின்மேல் உள்ளது. கதையினும் வியப்புடையன அவ்வூர்ப் பக்கத்துக் கல்திட்டைகள். பெருங்கற்பலகைகளை நிறுத்தி மேலே கல்மூடி இறந்தார்க்கு எடுத்த பழைய நினைவிடங்கள் அவை. செண்பகனூர்க் கிறித்தவக் குருமார் இருவர், ஆங்கிலேடும் நியூட்டனும், இம்மலைக் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை 1928-இல் தொல்பொருள் துறையினர் வெளியிட்டனர். தாண்டிக்குடியில் இந்நூற்றாண்டில் நடந்த அகழாய்வு அங்குப் பண்டை மக்கள் வாழ்ந்ததை மேலும் உறுதிசெய்தது. வெள்ளையர் கண்டுபிடிக்கும்வரை வெறுங்காடாகக் கிடந்த மலை என்று கோடைக்கானலைப்பற்றிச் சிலர் எழுதுதல் பிழை என்பதற்கு இக்கற்களே சான்று. சமயம் வேறாயினும், அக்கற்களை அளந்து பதிந்து வைத்த அக்குருமாரின் உழைப்பு நன்றியோடு நினைத்தற்குரியது. தமிழர் அப்பணியைத் தாமே முன்னர்ச் செய்யாதிருந்தது நாணத்தக்கதே.

கோடைக்கானல் நகரோ அண்மைக்காலத்தது. 1821-இல் வார்டு என்னும் படைத்துறையாளர் மலையை அளந்தார். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்தோர் வெயிலுக்கு அஞ்சி வீடு கட்டினர். மதுரைக் கலெக்டராயிருந்த லெவின்ஜ் 1863-இல் ஏரியை அமைத்தார். மாதாகோயில்கள் எழுந்த அந்நகரிற் பழந்தலம் காணக் கிடையாது. பழந்தலம் வேண்டுவார் மூன்றாம் நாட் காலையிலே மேற்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டர் சென்று பூம்பாறையை அடைதல் வேண்டும். படிப்படியாக வெட்டிய வயல்களில் மலைப்பூண்டு விளையும் அச்சிற்றூரிற் குழந்தை வேலப்பர் கோயில் கொண்டிருக்கின்றார். இத்திருமேனியையும் போகர் அமைத்தார் என்பர். அருணகிரிநாதர் இங்கு உறங்கியபோது அரக்கி ஒருத்தி தீங்கு செய்ய வர, முருகன் குழந்தை வடிவில் தோன்றிக் காத்தான் என்று தலக்கதை கூறும். கதை எவ்வாறாயினும், பூம்பாறைக்குத் திருப்புகழ் உண்டு. சாலையில்லாத நாளில், பாதையே மழையில் வழுக்கும் அம்மலைமேல் இவ்வூர்க் குமரன் திருப்புகழாளர் நாவில் ஏறியிருத்தல், மலையூர்கள் தமிழ்நாட்டுத் தல வழிபாட்டினின்று ஒதுங்கி நின்றனவல்ல என்பதற்குப் போதிய சான்றாகும்.

பூம்பாறையினின்று மீண்டு நகரின் ஓரத்தே குறிஞ்சியாண்டவர் கோயிலுக்கு வரலாம். இஃது எழுந்தது 1936-இல். எழுப்பியவர் இலங்கைச் சர் பொன்னம்பலம் இராமநாதனுடைய துணைவியார் லீலாவதி அம்மையார். ஆங்கில மரபிற் பிறந்து ஹாரிசன் என்னும் பெயருடன் இராமநாதனாரிடம் சைவம் கற்க வந்தவர் அவர். 1905, 1906-ஆம் ஆண்டுகளில் இராமநாதனார் அமெரிக்காவிற் சொற்பொழிவாற்றிய காலத்து அவருடைய செயலாளராக உடன்சென்றார். பின்னர் அவரை மணந்து சைவப்பெயர் பூண்டார். இராமநாதனார் 1851-இல் பிறந்தவர். கொழும்பிலே பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லிற் புதுக்கியவர். 1913-இல் யாழ்ப்பாணத்துச் சைவப் பெண்களுக்குக் கல்லூரி கண்டவர். அவர் 1930-இல் மறைந்தார். ஆறாண்டு கழித்து, கணவரை இழந்த அம்மையார் கடல்கடந்து இம்மலையில் முருகனுக்குக் கோயில் எடுத்தார். அது பின்னர் அவர்தம் மகளாரால் பழனித் தேவத்தானத்திடம் ஒப்படைக்கப்பெற்றது. இன்று பழனி ஆளுகையிலேயே பூசை நிகழ்கின்றது.

பாடல் பெறாததும், மூர்த்தியும் தீர்த்தமும் பழமையுடையன அல்லாததும், பிறநாட்டில் தோன்றிய ஒருவர் கட்டியதுமான இக்கோயிலைத் தலங்களோடு வைத்து எண்ணலாமோ என்று ஐயுறுவார் இருக்கலாம். பழனியில் அடியார் மறுத்த புதுமை, பழைய மூர்த்தியின் முன்னே வேறொன்றை நிறுத்திய புதுமை. குறிஞ்சியாண்டவர் கோயில் எந்தப் பழமையையும் மறைத்து நில்லாது. வானந் தெளிந்த நாளில் அதன் முன்றிலினின்று வடக்கே நோக்கினாற் பழனிக் குன்றும் கோபுரமும் கீழே சிறிதாகத் தோன்றும். அவ்விடத்தை அம்மையார் தேர்ந்த தேர்விலேயே, தாம் எடுத்த கோயில் பழனிக்குக் கிளையாக விளங்குதல் வேண்டும் என்னும் கருத்துப் புலனாகின்றது. பெயரிலும் அவர் பிழைத்திலர். புராணத்துப் பெயர்கள் பல இருக்கவும், திணைக்கும் பூவுக்கும் பொதுவாகிய 'குறிஞ்சி' என்னும் சொல்லால் ஆண்டவனை அழைத்தார். தமிழ்க்குடியிற் பிறந்து கோயில் எடுத்த செல்வர் பலர்க்கும் தோன்றாத பெயர் அது. சைவம் பிறப்பால் வருவதோ, அருளால் வருவதோ என்ற வினாவுக்கு விடை வேண்டுவார் அக்கோயிலின் முன்றிலில் ஒருகால் நிற்பாராக.

அக்குறிஞ்சிப்பூ பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை மலர்ந்து, வித்திட்டு, செடியோடு மாய்வது. 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் இம்மலைச் சரிவுகள் நீலம் போர்த்தன. ஆயினும் பண்டு புல்வெளியாகவும் குறிஞ்சிப் புதராகவும் கிடந்த நிலத்திற் பெரும்பகுதியை வெளிநாட்டினின்று கொணர்ந்து நட்ட சீகைமரமும் தைலமரமும் பைன்மரமும் கவர்ந்துகொண்டன. பூவின் பரப்பு ஒவ்வொரு பருவத்தும் சுருங்குவதாக மலைவாழ்வார் சொல்லுகின்றனர். கோயிலுக்குப் பெயர் தந்த செடி கோயிலருகே நிலைக்குமோ என்பது அடுத்த மலர்ச்சிக்குரிய 2030-ஆம் ஆண்டிற்குள் தீரவேண்டிய கேள்வி. பூசைக்கு வேண்டும் பொருள்களைக் குறைவின்றிக் காக்கும் தேவத்தானமும், மரஞ்செடிகளைக் காக்கும் வனத்துறையும் கூடி, முன்றிலைச் சூழ்ந்த சரிவில் அயல்மரங்களைக் களைந்து குறிஞ்சி வித்துக்களை ஊன்றுதல் அரிய செயல் அன்று. இம்மலைக்கு யாத்திரை வரும் அன்பர்களும் அருச்சனைத் தட்டோடு இவ்விண்ணப்பத்தை அங்குள்ளார் செவியிற் சேர்ப்பாராக.