கருங்கல் தீவும் கலங்கரை விளக்கமும்



வேலை முடிந்து, குளிருக்கு இதமாகத் தேநீரும் கையுமாக அமர்ந்திருக்கும் கேமரன் மலைத் தோட்டக் குடும்பத்தினரை இன்று ஒரு சிறு தீவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பயணச் சீட்டு வேண்டாம். காதுகளைத் தந்தால் போதும்.

சிங்கப்பூரின் கிழக்கு மூலையில், சாங்கி முனையில் ஒரு படகுத்துறை உண்டு. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் மோட்டார் படகு புறப்படும். கால் மணி நேரத்துக்குள் கரை வந்துவிடும். அதுதான் புலாவ் உபின். சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் இடைப்பட்ட நீரிணையில், ஏறத்தாழ பத்துச் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. ‘உபின்’ என்றால் மலாயில் தளம் பாவும் கல் என்று பொருள். பெயரிலேயே கல்லைச் சுமக்கும் தீவு அது.

மலாய் மக்கள் ஒரு கதை சொல்வார்கள். ஜொகூரிலிருந்து ஒரு தவளை, ஒரு பன்றி, ஒரு யானை மூன்றும் நீரிணையை நீந்திக் கடக்கப் பந்தயம் வைத்தனவாம். கரை சேராதவை கல்லாகி விட்டனவாம். தவளை, சிறிய செக்குடு தீவாயிற்று; பன்றியும் யானையும் சேர்ந்து உபின் தீவாயின. கதை எப்படியாயினும், அந்தக் கல் மெய்யானது. அது கருங்கல். பூமியின் ஆழத்தில் கொதித்த குழம்பு மெல்ல மெல்ல ஆறி இறுகிய பாறை. நம் தேயிலைச் செடிகள் வேர்விட்டிருக்கும் தித்திவாங்சா மலைத்தொடரும் பெரும்பாலும் கருங்கல்லே.

இந்தக் கல்லை முதலில் தேடி வந்தது கடல். ஜொகூர் கரைக்கு அப்பால், தென் சீனக் கடலின் வாயிலில், மலாய்க்காரர்கள் பத்து பூத்தே என்றழைக்கும் வெண்பாறை ஒன்று உண்டு. கப்பல்கள் பல அங்கே மோதி உடைந்தன. அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கம் எழுப்ப முனைந்தார். 1850 மே 24 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. உபின் தீவில் சீனக் கல்தச்சர்கள் பாறையைப் பிளந்து செதுக்க, கற்கள் படகில் ஏறிப் போயின. 1851 அக்டோபர் 15 அன்று விளக்கு எரிந்தது. கடல் வரைபட வல்லுநர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க்கின் பெயர் அதற்கு இடப்பட்டது.

அடுத்த விளக்கம்தான் நமக்கு நெருக்கமானது. சிங்கப்பூரின் தென்மேற்கே சாத்துமு தீவில் எழுந்த ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்கு 1854-இல் அடிக்கல் நாட்டினார்கள்; 1855-இன் இறுதியில் அது ஒளிர்ந்தது. அதற்கான கருங்கல்லை உபின் தீவில் வெட்டி எடுத்தவர்கள் இந்தியக் கைதிகள்.

கைதிகளா என்று வியக்கிறீர்களா? 1825-இல் பெங்கூலனிலிருந்து முதல் கூட்டம் சிங்கப்பூரில் இறங்கியது. அதில் 80 பேர் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். பின்னர் வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் பலர் வந்தனர். 1873-இல் அந்த ஏற்பாடு முடியும்வரை சாலை போட்டதும், சதுப்பு நிலம் தூர்த்ததும், புனித ஆண்ட்ரூ பேராலயத்தைக் கட்டியதும் இவர்கள் கைகளே. விடுதலை பெற்றபின் பலர் அங்கேயே தங்கிக் குடும்பமாயினர்.

அந்த வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாறையில் உளி வைத்து வரிசையாகத் துளையிட வேண்டும். துளைகளில் ஆப்பு வைத்து அடித்தால் பாறை நேர்கோட்டில் பிளக்கும். பெரும்பாறையானால் வெடிமருந்து. வெயிலில் பாறை சுடும். சில்லு தெறித்தால் கண் போகும். நெஞ்சில் இறங்கிய தூசு இறங்கியதுதான்.

கல்லின் பயணம் அதோடு முடியவில்லை. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1919-இல் தொடங்கி 1924-இல் முறைப்படி திறக்கப்பட்டது. ஆயிரம் மீட்டருக்கும் சற்று நீண்ட அந்தப் பாதையைத் தாங்கும் கல், உபின் தீவிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் வந்தது. சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பேருந்தில் அந்தக் கல்லின் மேல்தான் கடந்து செல்கிறார்கள்.

உபினின் கடைசிக் கற்சுரங்கம் 1999-இல் மூடப்பட்டது. பறித்த பள்ளங்களில் மழைநீர் நிறைந்து பச்சை ஏரிகளாகிவிட்டன. நாரைகள் கூடு கட்டுகின்றன. இளைஞர்கள் மிதிவண்டியில் சுற்றுகிறார்கள். ஒரு காலத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்ந்த தீவில் இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர்.

இனி, கைதிகளின் கதை நமக்கெதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் விலங்கோடு வந்தார்கள். நம் முன்னோர் ஒப்பந்தத்திலும் கங்காணியின் சொல்லை நம்பியும் வந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஒன்று பொதுவானது. விளக்குகள் இரண்டும் ஹார்ஸ்பர்க், ராஃபிள்ஸ் என்னும் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. கல் உடைத்தவன் பெயரை அவை தாங்கவில்லை. இங்கேயும் பாருங்கள். 1885-இல் வந்த வில்லியம் கேமரன் பெயரால் மலை அழைக்கப்படுகிறது. 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கிய ரஸ்ஸல் பெயரை நூல்கள் சொல்கின்றன. தாப்பாவிலிருந்து ஏறும் சாலை 1931-இல் முடிந்தது என்றும் எழுதியிருக்கிறது. காட்டை வெட்டிச் சரிவில் கன்று நட்டவர் யார்? அதை எழுதி வைக்க வேண்டியவர்கள் நாம்தாம்.

தம்பி தங்கைகளே, இன்றிரவே ஓர் அப்பியாசப் புத்தகத்தை எடுங்கள். தாத்தா, பாட்டி இருந்தால் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். இல்லையேல் பெரியம்மாவை, மாமாவைக் கேளுங்கள். முதலில் வந்தவர் பெயர் என்ன? எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த லயம்? பழைய அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் பெட்டியடியில் கிடந்தால் பத்திரப்படுத்துங்கள். கருங்கல் காத்திருக்கும், மனிதர் நினைவு காத்திராது.