ஒப்பந்தமும் நாணயமும்: இலங்கை – சீனப் பொருளாதார உறவில் ஒரு வரலாற்று நோக்கு

நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களை ஆராய்வோர், கைமாறிய பொருளையும் அளவையும் கவனிப்பர். விலை எந்த நாணயத்தில் எழுதப்பட்டது என்னும் வினா பெரும்பாலும் புறக்கணிக்கப்படுகின்றது. ஆயினும் நாணயப் பெறுமதி மாறும்போது நட்டம் எவரைச் சாரும் என்பதைத் தீர்மானிப்பது அதுவே. இலங்கை – சீன உறவை இக்கோணத்தில் நோக்குவது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

1876 இல் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள், கண்டியை அடுத்த பேராதனைத் தாவரவியற் பூங்காவின் நிருவாகத்துக்குட்பட்ட ஹெனரத்கொடையில் நடப்பட்டன. முக்கால் நூற்றாண்டின் பின்னர் அம்மரத்தின் பால் சர்வதேச அரசியலின் பொருளாயிற்று. கொரிய யுத்தத்தையொட்டி 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை சீனாவுக்கு யுத்த முக்கியத்துவமுடைய பொருள்களை அனுப்புவதைத் தடை செய்தது. இலங்கை அப்போது அச்சபையில் அங்கத்துவம் பெற்றிருக்கவில்லை. அரிசித் தட்டுப்பாடு நிலவியது. இறப்பர் விலையோ வீழ்ந்துகொண்டிருந்தது. 1952 டிசெம்பரில் பீக்கிங்கில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் 50,000 மெட்ரிக் தொன் இறப்பர். பதிலாக 270,000 மெட்ரிக் தொன் அரிசி. அமெரிக்கா இலங்கைக்கு உதவி வழங்க மறுத்தது. எனினும் ஒப்பந்தம் 1982 வரை புதுப்பிக்கப்பட்டு வந்தது.

இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், இரு விலைகளும் ஸ்ரேலிங்கிலேயே குறிக்கப்பட்டன: இறப்பர் இறாத்தலுக்கு 32 பென்ஸ், அரிசி தொன்னுக்கு 54 பவுண். ரூபாவோ யுவானோ அளவுகோலாகவில்லை. ஆயினும் பொருளுக்குப் பொருளே கைமாறியதால் நாணயம் வெறும் கணக்கலகாகவே நின்றது. கண்டி மலைத்தோட்டத் தொழிலாளியின் உலைக்கு அரிசி வந்தது. அதுவே மெய்யான பெறுமதி.

இன்று நிலைமை தலைகீழானது. 2011 இல் இலங்கை மத்திய வங்கி யுவானை அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டு நாணயங்களுள் சேர்த்தது. 2021 மார்ச்சில் சீன மக்கள் வங்கியுடன் 1,000 கோடி யுவானுக்கு நாணயப் பரிமாற்றல் உடன்படிக்கை செய்துகொண்டது. அவ்வாண்டின் இறுதியில் நாட்டின் ஒதுக்கு ஏறத்தாழ 310 கோடி டொலர் எனக் காட்டப்பட்டது. அதில் ஏறக்குறைய பாதி இந்த யுவானே. ஆனால் மூன்று மாத இறக்குமதிக்குப் போதிய ஒதுக்கு இருந்தாலன்றி அதனைச் செலவிட இயலாதென்பது நிபந்தனை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் மீளளிப்பு நிறுத்தப்பட்டது. பயன்படுத்தத்தக்க ஒதுக்கு 5 கோடி டொலரிலும் குறைவென மே மாதத்தில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்திற் கூறினார். கண்டி நகரிலும் மக்கள் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஏட்டிலிருந்த செல்வம் அடுப்பை எரிக்கவில்லை.

கடன்களிலும் இவ்வேறுபாடு உண்டு. சீன ஏற்றுமதி – இறக்குமதி வங்கியின் சலுகைக் கடன்கள் யுவானிலும், முன்னுரிமைக் கொள்வனவாளர் கடன்கள் டொலரிலும் எழுதப்படுவது வழக்கம். கண்டி வடக்கு – பாத்ததும்பறை நீர்வழங்கல் திட்டம் அவ்வங்கியின் நிதியுதவி பெற்றது. கண்டியை நோக்கிய மத்திய அதிவேகப் பாதையின் முதற் பகுதிக்கு 2019 இல் டொலரில் இணங்கப்பட்ட கடன், பணி மீளத் தொடங்கிய 2025 இல் யுவானுக்கு மாறியது. யுவானில் வட்டி குறைவு. ஆனால் எமது தேயிலை ஈட்டித் தருவது பெரும்பாலும் டொலரே. இடையிலுள்ள மாற்றுவீதத்தின் ஆபத்து எம்மீதே விழும்.

யுவானை வெறுக்கவும் வேண்டியதில்லை. டொலரை வழிபடவும் வேண்டியதில்லை. 1952 ஒப்பந்தத்தில் எவ்வளவு கொடுத்து எவ்வளவு பெறுகின்றோம் என்பதைச் சாதாரண மனிதனும் அறியக்கூடியதாயிருந்தது. இன்றைய ஒப்பந்தங்களின் நாணயமும் நிபந்தனையும் அதேயளவு வெளிப்படையாக மக்கள் முன் வைக்கப்படல் வேண்டும். கடனைச் செலுத்துவோர் அவர்களே.