ரயிலா, ஊரா? தங்கவயல் மாணவரின் இரண்டு வழிகள்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் பி.யூ.சி. முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில், எந்தப் பாடம் எடுப்பது என்று முடிவாவதற்குள் இன்னொரு கேள்வி வந்துவிடும்: "ரயிலா, ஊரா?" 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதும் அப்பாக்கள் வேலை தேடிப் பெங்களூருக்கு ரயிலேறினார்கள். பிறகு பிள்ளைகள் படிக்க ஏறினார்கள். படிப்பு, சம்பாத்தியம், விளையாட்டு மூன்றையும் ஒரே நாளுக்குள் அடக்க வேண்டிய பாடு தினமும் ரயிலில் பெங்களூர் போய்ப் படிப்பவர், ஊரிலேயே படிப்பவர் என்ற இரு சாராருக்கும் உண்டு. அடக்கும் விதம்தான் வேறு.

முதலில் நேரக் கணக்கு. மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலுக்குச் சாம்பியன் அடுத்த நிலையம். அதனால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். வழியில் பங்காருப்பேட்டையில் ஏறுபவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்த ஜன்னலோர இருக்கைதான் பலருக்குப் படிப்பு மேசை. ஆனால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று குறைத்துப் போட்டாலும் வாரம் ஆறு நாளில் 24 மணி நேரம் ஆகிறது. வாரத்தில் ஒரு முழு நாள் தண்டவாளத்திலேயே கரைகிறது. மாலையில் நின்றுகொண்டே வருபவருக்கு அதில் பாதி படிப்புக்கும் உதவாது.

ஊரிலேயே படிப்பவருக்கு அந்த 24 மணி நேரம் மிச்சம். ஊரிகத்தில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அரசு முதல்நிலைக் கல்லூரியும் இருக்கிறது. ஆனால் மிச்சமான நேரம் கையில் தங்குவதில்லை. "வீட்டுலதானே இருக்கே" என்ற ஒரு வார்த்தையில் தண்ணீர் பிடிப்பதும் ரேஷன் கடையும் தம்பியின் வீட்டுப்பாடமும் அவர் தலையில் விழும். ரயில் மாணவரை அப்படி யாரும் கூப்பிட முடியாது.

சம்பாத்தியத்திலும் இதே முரண். பெங்களூரில் பகுதிநேர வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஊர் திரும்பும் ரயிலின் நேரம் மாலை வேலைக்குக் குறுக்கே நிற்கும். தங்கவயலில் வேலை குறைவு, கூலியும் குறைவு. சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுத் திண்ணையில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தால் கைச்செலவுக்கு ஆகும், அவ்வளவுதான். ஆனால் சொல்லிக்கொடுப்பவருக்கே அடிப்படைப் பாடம் உறுதிப்படும்.

பாடத்துக்கு வெளியே உள்ள ஈடுபாட்டில் ஊர் மாணவர் முந்துகிறார். விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் பொறியியல் மாணவர் 100 செயல்பாட்டுப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ளூர்ப் பள்ளிகளுக்கு உதவுவதும் ஒன்று. ஊரில் இருப்பவருக்கு அது நடந்துபோகும் தூரம். மாலையில் பந்து உதைக்க மைதானமும் பக்கம். கல்லூரி மன்றங்கள் கூடுவது வகுப்பு முடிந்த பிறகு. அந்நேரம் ரயில் மாணவர் பையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார். அதே பல்கலைக்கழகம் 85 சதவீத வருகையும் கேட்கிறது. ரயில் தாமதமானால் முதல் வகுப்பு போயிற்று.

இந்த ஊருக்கு உழைப்போடு படிப்பு புதிதல்ல. அயோத்திதாசப் பண்டிதர் நடத்திய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து தங்கவயலிலிருந்து வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த மண்ணில்தான் அது நடந்தது. அன்று நாளை மூன்று ஷிப்டாக வகுத்தது சுரங்கத்தின் சங்கு. சங்கு ஊதினால் வேலை. வேலை முடிந்தபின் இருப்பது அவரவர் நேரம்.

ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் அந்தச் சங்கில்தான் இருக்கிறது. ரயில் மாணவருக்குச் சங்கு உண்டு, நேரம் இல்லை. ஊர் மாணவருக்கு நேரம் உண்டு, சங்கு இல்லை. எழுப்பிவிடும் ரயில் இல்லாதவர் தானே ஒரு மணி குறித்து, அந்நேரம் யார் கூப்பிட்டாலும் எழாமல் உட்கார வேண்டும். ரயில் மாணவர் எல்லாவற்றிலும் கால் வைக்காமல் ஒரே ஒரு ஈடுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எடுக்க விரும்பும் பாடம் தங்கவயலிலேயே இருந்தால் ஊரையே தேர்ந்தெடுங்கள். அந்த 24 மணி நேரத்தை எந்தப் பெங்களூர்க் கல்லூரியும் திருப்பித் தராது. இல்லையென்றால் தயங்காமல் ரயிலேறுங்கள், காலை இருக்கையைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.